‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக் கொடுத்தோமா?

மாலை நாலரை மணி. கொல்லிமலையின் அரியூர் நாடு. பள்ளிக்கூடம் விட்டாயிற்று, பஸ் இன்னும் வரவில்லை. மேகம் இறங்கிக் கொண்டிருக்கிறது. தோளில் புத்தகப் பையுடன் ஒரு பையன் நிற்கிறான். எட்டாம் வகுப்போ, ஒன்பதாம் வகுப்போ. பக்கத்தில் அவனுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவன். அந்நியனல்ல; அதே ஊர், அதே தெரு, ஒருவேளை அதே குடும்பத்துப் பங்காளி. போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், கையில் நாலு காசு பார்த்துத் திரும்பியவன். சட்டைப் பையிலிருந்து சின்னஞ்சிறு பொட்டலம் ஒன்றை எடுக்கிறான்.

“உதட்டுக்குள்ள வெச்சுக்கடா. ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு தடவை.”

பையன் தயங்குகிறான்.

“என்னடா, பயமா? ஆம்பளைப் பையன்தானே நீ? எல்லாரும்தான் வெச்சுக்கறாங்க.”

தோழர்களே! இன்ன ஊரில் இன்னார் வீட்டில் நடந்தது என்று எவரையும் காட்டிக் கொடுக்க இதை எழுதவில்லை. மனக்கண்ணில் நாம் வரைந்த காட்சிதான் இது. ஆனால் பிள்ளை பெற்றவர் எவரேனும் இதைப் படித்துவிட்டு, “இப்படியெல்லாம் நடக்குமா?” என்று கேட்பாரா? கேட்க மாட்டார். “எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலும் இதுதான்” என்பார். மலையில் மட்டுமல்ல, மலைக்குக் கீழேயும் இதுதான். நாமக்கல்லிலும் இதுதான், திருப்பூரிலும் இதுதான், சென்னைப் பட்டினத்திலும் இதுதான்.

அந்தப் பையனுக்கு அங்கே கிடைக்கும் நேரம் எவ்வளவு? நாலு விநாடி, மிஞ்சினால் ஐந்து. அந்த ஐந்து விநாடியில் ஆசிரியர் பக்கத்தில் இல்லை, அம்மா இல்லை, போலீஸ் இல்லை, சுவரில் எழுதிய வாசகம் இல்லை. அவன் இருக்கிறான், அவன் நாக்கு இருக்கிறது. அந்த நாக்கில் நாம் ஏதாவது சொல் வைத்தோமா? கேள்வி இதுதான்.

வைத்தோம் என்பார்கள் சிலர். “ஆண்டுதோறும் ஜூன் 26 வந்தால் போதைப்பொருள் ஒழிப்பு நாள் கொண்டாடுகிறோமே! பேரணி நடத்துகிறோமே! 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில், கல்லூரிகளில் உறுதிமொழி எடுத்தார்களே!” என்பார்கள். உண்மை. எடுத்தார்கள். அதை நாம் கேலி செய்யவில்லை. ஊரறிய ஒரு சொல் சொல்வது நல்லது. ஆனால் உறுதிமொழி வேறு, பயிற்சி வேறு. “நான் தண்ணீரில் மூழ்க மாட்டேன்” என்று கையை நீட்டிச் சபதம் செய்தவனுக்கு நீச்சல் வந்துவிடுமா?

கொல்லிமலைத் தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் மேல் படர்ந்த மிளகுக் கொடியில் காய் பறிக்க மகனை ஏணியில் ஏற்றும் தகப்பன் என்ன செய்கிறான்? “விழாதே, விழாதே” என்று கீழே நின்று கத்திக் கொண்டிருக்கிறானா? இல்லை. ஏணியை எங்கே சார்த்துவது, எந்தக் கிளை தாங்கும், எது முறியும், வழுக்கினால் எதைப் பிடிப்பது என்று காட்டிக் கொடுக்கிறான். முதல் நாள் உயரம் ஏற விடுவதில்லை. இரண்டு படி ஏற்றி இறக்குகிறான். மறுநாள் நாலு படி. அதுதான் கல்வி! மரம் ஏற ஒரு முறை உண்டென்றால், மயக்கத்தை மறுக்க ஒரு முறை இருக்காதா? மிளகுக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளையின் மூளைக்குக் காட்ட வேண்டாமா?

உலகம் இதில் ஏற்கெனவே தவறு செய்து பார்த்திருக்கிறது. அந்தத் தவறை நாமும் முதலிலிருந்து செய்ய வேண்டிய அவசியமில்லை.

அமெரிக்க நாட்டில் 1980-களில் ஒரு முழக்கம் எழுந்தது. “வேண்டாம் என்று சொல்லிவிடு, அவ்வளவுதான்” என்பது அதன் சாரம். குடியரசுத் தலைவர் ரீகனின் மனைவியே அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சீருடை அணிந்த போலீஸ் அதிகாரிகளே வகுப்பறைக்குள் வந்து பாடம் நடத்தும் திட்டம் தொடங்கியது. சட்டை கொடுத்தார்கள், பட்டை கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். கோடி கோடியாகப் பணம் கொட்டினார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் சில ஆண்டுகள் கழித்துப் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லை! கடைசியில் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களே பாடத்தை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

ஏன் தோற்றது? “வேண்டாம் என்று சொல்” என்றார்கள். எப்படிச் சொல்வது என்று பாடத்தில் சொன்னதும் போதவில்லை. சொன்ன பிறகு நண்பன் முகத்தைத் திருப்பிக் கொண்டால் என்ன செய்வது என்று பழக்கியதும் போதவில்லை. நண்பனை இழக்கும் அச்சம், நுரையீரலை இழக்கும் அச்சத்தைவிடப் பதினாலு வயதில் பெரிது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அதே அமெரிக்காவில், அதற்கும் முன்பே 1970-களில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவன்ஸ் என்ற உளவியல் அறிஞர் வேறு வழி பார்த்தார். அம்மை வராமல் இருக்க என்ன செய்கிறோம்? அம்மை குத்துகிறோம். நோயின் சிறு அளவை உடம்புக்குக் காட்டி, எதிர்க்கப் பழக்குகிறோம். அதுபோலவே நண்பர்களின் நெருக்கடியையும் வகுப்பறையிலேயே சிறு அளவில் காட்டிப் பழக்கினால் என்ன என்று கேட்டார் அவர். புகைப் பழக்கத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார். பின்னால் கில்பர்ட் பாட்வின் என்பவர் அதை விரித்து முழுப் பாடமாக்கினார். உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் ‘வாழ்க்கைத் திறன்’ என்று பத்துத் திறன்களைத் தொகுத்துத் தந்தது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, ஆராய்ந்து சிந்திப்பது, பிறருடன் பேசுவது, மன அழுத்தத்தைத் தாங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. போதை என்ற சொல்லே அந்தப் பத்தில் இல்லை! ஆனால் போதையை எதிர்க்கும் ஆயுதம் அந்தப் பத்தும்.

ஆகவே பாடம் எப்படி இருக்க வேண்டும்? சொல்லிப் பார்ப்போம்.

முதற்பாடம், உண்மை. பொய் கலவாத உண்மை. “ஒரு தடவை தொட்டால் செத்துப் போவாய்” என்று பிள்ளையிடம் சொன்னால், தொட்டும் சாகாத அண்ணனை அவன் நேரில் பார்க்கிறான். அன்றோடு நம் சொல் செத்துப் போகிறது. ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள். உதட்டில் அடக்கும் பொட்டலத்தில் இருப்பது புகையிலை. அதிலுள்ள நிகோடின்தான் பிடித்துக் கொள்ளும் சரக்கு. வளர்கிற மூளைக்கு அது சீக்கிரம் பிடித்துவிடும். இளமையில் தொடங்கினால் விடுவது கடினம். அதனால்தான் வியாபாரிக்கு உன்னைப் பிடிக்கிறது. ஒருமுறை உன்னைப் பிடித்தால் நாற்பது ஆண்டு வாடிக்கை அவனுக்கு. இப்படிச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைக்குப் பயம் வராது, கோபம் வரும். “என்னை ஏமாற்றப் பார்க்கிறானா?” என்ற கோபம். பயத்தைவிட அந்தக் கோபம் பிள்ளையை நன்றாகக் காக்கும்.

‘கூல் லிப்’ என்ற பெயரில் வரும் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் புழங்குவதைக் கண்டு, 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கேள்வி எழுப்பியது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டாகிவிட்டது. ஆனாலும் பொட்டலம் எங்கிருந்தோ வருகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை ஏறி வருகிறது. மாத்திரை, பாடநூல், மருத்துவர் எல்லாம் மலையேறத் தயங்கும்போது, பொட்டலம் மட்டும் தயங்காமல் ஏறுகிறதே, அது எப்படி?

இன்னொன்று. கடையில் மறைத்து விற்பது மட்டுமே போதை என்று எண்ணி ஏமாறாதீர்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட அகில இந்திய ஆய்வறிக்கை ஒன்று சொல்கிறது: முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களிடம் நூற்றுக்கு 0.58; 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நூற்றுக்கு 1.7. மற்ற மயக்கங்களில் எல்லாம் பெரியவர்கள் முந்த, இதில் மட்டும் பிள்ளைகள் முந்தி நிற்கிறார்கள்! எழுத்தை அழிக்கும் ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் பசை எல்லாம் அதற்குப் பயன்படுகின்றன. புத்தகப் பைக்குள்ளும் சைக்கிள் கடையிலும் இருப்பதை எந்தச் செக்போஸ்டில் மடக்குவது? பிள்ளையின் அறிவுதான் அங்கே செக்போஸ்ட்.

இரண்டாம் பாடம், எண்ணிக்கை. “எல்லாரும் வெச்சுக்கறாங்க” என்றானே அந்த அண்ணன், அது பச்சைப் பொய். 13 முதல் 15 வயதுவரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் 2019-ல் இந்தியா முழுவதும் எடுத்த கணக்கில், ஏதோ ஒரு வகையில் புகையிலையைத் தொடுவோர் நூற்றுக்கு 8.5 பேர். அந்த எண்ணைச் சிறிது என்று நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் மீதி? நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பிள்ளைகள் தொடவே இல்லை! கெட்டவன் சத்தம் போடுகிறான். நல்லவன் சும்மா இருக்கிறான். ஆகவே கெட்டவனே கூட்டமாகத் தெரிகிறான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு கொடுங்கள். “நீ தொடுவதுண்டா? மற்றவர்களில் எத்தனை பேர் தொடுவதாக நினைக்கிறாய்?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எண்ணிக் கரும்பலகையில் எழுதுங்கள். நினைப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளே பார்க்கட்டும். தனியாக நிற்கிறோம் என்று நினைத்தவன், தன் பக்கம் ஒரு படையே நிற்பதைக் காண்பான். பெரும்பான்மையின் பலத்தை நம் இயக்கத் தோழனுக்கா விளக்க வேண்டும்?

மூன்றாம் பாடம்தான் உயிர்ப் பாடம். மறுக்கும் பயிற்சி. வகுப்பில் இரண்டு பிள்ளைகளை எழுப்புங்கள். ஒருவன் கொடுப்பவன், ஒருவன் மறுப்பவன். உண்மையாகவே வற்புறுத்தட்டும், கேலி செய்யட்டும், “இனிமே எங்கூடப் பேசாதே” என்று மிரட்டட்டும். மறுப்பவன் வாய் திறந்து, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லட்டும்.

“வேண்டாம்ணே, எனக்குப் பிடிக்காது.”

“நாளைக்குக் கபடி இருக்குது, மூச்சு வேணும்.”

“உங்க மேல கோபம் இல்லைண்ணே. அது மட்டும் வேண்டாம்.”

“பஸ் வந்திருச்சு, வர்றேன்.”

எவ்வளவு எளிய சொற்கள்! ஆனால் ஒருமுறை கூடச் சொல்லிப் பார்க்காதவனுக்கு அந்த ஐந்து விநாடியில் இவை வாயில் வராது. பத்துத் தடவை சொல்லிப் பழகியவனுக்குத் தானாக வரும். கூத்துக் கட்டுகிறவன் ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறுவானா? மேடையில் பேசும் நம் தோழன் முதல் கூட்டத்தில் எப்படித் திணறினான், பத்தாவது கூட்டத்தில் எப்படி முழங்கினான் என்பது நமக்குத் தெரியாதா? நாக்குக்கும் பழக்கம் வேண்டும். மறுப்பவன் காரணம் அடுக்க வேண்டியதில்லை, வாதாடி வெல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும் என்பதையும் கற்றுக் கொடுங்கள். அடி வாங்கி வீரனாவதைவிட, நகர்ந்து போய்ப் பிள்ளையாக இருப்பது மேல்.

பெண் பிள்ளைகளை இந்தப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். பொட்டலம் அவர்களுக்கும் வரும். வராவிட்டாலும், நாளைக்குக் குடிகாரனைக் கட்டிக் கொண்டு அழ வேண்டியவர்கள் அவர்கள் என்ற நிலை இந்தத் தலைமுறையோடு முடிய வேண்டும்.

நான்காம் பாடம், யாரிடம் சொல்வது. இங்கேதான் பெரியவர்களாகிய நம் முகத்தில் கரி பூசப்படுகிறது. பிள்ளை வந்து, “ஐயா, இன்னார் எனக்குக் கொடுத்தார்” என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதல் அறை அவனுக்கே. “நீ ஏன்டா அங்கே போனே?” அவ்வளவுதான், அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். பையில் பொட்டலம் அகப்பட்டால் சில இடங்களில் என்ன செய்கிறார்கள்? டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார்கள். பள்ளியை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை எங்கே போவான்? பொட்டலம் விற்பவனிடம்தான் போவான். முந்தாநாள்வரை வாங்கியவன், மறுநாளிலிருந்து விற்பவனாகிறான். வியாபாரிக்குச் சம்பளமில்லா ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையா பள்ளியின் வேலை? கொடுத்தவனுக்குச் சட்டம், வாங்கிய பிள்ளைக்கு மருத்துவம், இதுதான் நீதி.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்காதே என்கிறது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் கடை வைக்காதே என்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, பிள்ளைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. மதுவையோ போதைப் பொருளையோ பிள்ளையை விட்டு விற்கச் சொன்னாலும், தூக்கிவரச் சொன்னாலும் 78-ஆம் பிரிவில் அதே தண்டனை. ஏட்டில் எழுத்து இரும்பாக இருக்கிறது. வீதியில் அது பஞ்சாக இருப்பதேன்? ஊரார் வாய் திறக்காததால்! 1098 என்ற எண் குழந்தைகளுக்கானது. 14446 என்ற எண் போதையிலிருந்து மீள வழி கேட்பதற்கானது. 10581 என்ற எண் விற்பவனைப் பற்றிச் சொல்வதற்கானது. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு கிளை அலுவலகத்தின் சுவரிலும் ஒவ்வொரு விடுதியின் வாசலிலும் இருக்க வேண்டும்.

இனி நம்மை நாமே கொஞ்சம் கேட்டுக் கொள்வோம். கேட்காமல் முடித்தால் இது தலையங்கமல்ல, தாலாட்டு.

“டேய், ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது யார்? நாம். விற்றால் குற்றம் என்று சட்டம் சொல்லும் சரக்கை வாங்கிவர, நம் பிள்ளையையே தூதனுப்புகிறோம்! கல்யாணத்தில், காதுகுத்தில், கோயில் திருவிழாவில் பாட்டில் இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று ஆக்கி வைத்தது யார்? நாம். தேர்தல் வந்தால் இரவோடு இரவாகப் பெட்டி இறக்கி, வாக்குக்கும் குவார்ட்டருக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் எந்தக் கட்சிக்கு அந்நியம்? நம் கட்சிக்காரன் ஒருவன்கூட அதில் கை நனைக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமானால் நமக்கு மகிழ்ச்சிதான். முடியாதென்றால், முதல் மாணவன் நாம்தான். பிள்ளைக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து நாமும் ‘வேண்டாம்’ சொல்லக் கற்க வேண்டும்.

“அரசாங்கமே விற்கிறதே, பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்வது?” என்று கேட்கும் தோழரும் உண்டு. நியாயமான கேள்வி. மூடி மறைக்க வேண்டியதில்லை. இந்த மண்ணின் வரலாறே இந்தக் கேள்விதான். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தம் சொந்தத் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்கு நின்றார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் நாள், அன்றைய ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டு வந்தது எங்கே? சேலம் மாவட்டத்தில்! நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டமாயிற்று. 1937-ல் கொல்லிமலையும் சேலத்தோடு சேர்ந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது ஒத்திவைக்கப்பட்டது; 1974-ல் திரும்ப வந்தது; 1981-ல் மீண்டும் போயிற்று. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு அரசே கழகம் அமைத்தது; 2003-ல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக் கொண்டது. மூடுவதும் திறப்பதுமாக முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்த வாதம் நடக்கட்டும். சட்டசபையில் நடக்கட்டும், மேடையில் நடக்கட்டும். அது முடியும்வரை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பையன் காத்திருப்பானா? கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவனுக்கு இந்தப் பாடம் வேண்டும். திறந்திருந்தால் இரண்டு மடங்கு வேண்டும்.

மூடினால் மட்டும் போதுமா என்பதற்கும், திறந்தால் நஞ்சு ஒழியுமா என்பதற்கும் கள்ளக்குறிச்சி சாட்சி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? அரசுக் கடை இருந்த காலத்திலேயே, மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்கள் யார்? மூட்டை தூக்கியவர்கள், கூலி வேலை செய்தவர்கள். நம் வர்க்கம், தோழர்களே! தாயும் தகப்பனும் இருவருமே போன பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. பணம் கொடுக்கலாம், இரவில் தலையைத் தடவிக் கொடுக்க எந்தக் கஜானாவில் கை இருக்கிறது? அந்தப் பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோது யாராவது இந்தப் பாடத்தை நடத்தியிருந்தால், அவர்களில் சிலராவது அந்தப் பொட்டலத்தைத் தள்ளியிருப்பார்கள் அல்லவா?

அப்போதே ஒரு பேச்சும் கிளம்பியது. “மலை என்றாலே சாராயம், மலைக்காரன் என்றாலே கஞ்சா” என்ற பேச்சு. அதை வன்மையாக மறுக்கிறோம். சாமையும் கேழ்வரகும் விளைவித்து, மிளகும் காப்பியும் அன்னாசியும் கீழே அனுப்பி, மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்குக் கொடுத்து உழைக்கும் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். வாரக் கடைசியில் காரில் ஏறிவந்து, குடித்துவிட்டு, பாட்டிலைப் பாறையில் உடைத்துப் போட்டுச் செல்பவன் மலைக்காரனா? அந்தக் கண்ணாடித் துண்டு கிழிப்பது யார் பிள்ளையின் காலை? குற்றத்தைக் கீழேயிருந்து ஏற்றிவிட்டு, பழியை மலைமேல் இறக்கி வைக்கும் நகரத்து நாகரிகத்துக்கு நாம் உடந்தையாக முடியாது.

அரியூர் நாட்டைத் தேர்ந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. கொல்லிமலையில் 14 நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று ஊராட்சிக்கே நாடு என்று பெயர் வைத்த மண் அது. ஊர்க் கவுண்டர், நாட்டுக் கவுண்டர் என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபு அங்கே இருக்கிறது. நகரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை யார் என்று தெரியாது. அங்கே எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். இது எவ்வளவு பெரிய பலம்!

ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு நாடு இதே பலத்தை வைத்துத்தான் வென்றது. அங்கே 1998-ல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியவர்கள். 2016-ல் அது 5 ஆகக் குறைந்தது. தினமும் புகைத்தவர் 23-லிருந்து 3 ஆனார்கள். என்ன மாயம் செய்தார்கள்? மாயமில்லை. பெற்றோர்கள் கூடி உட்கார்ந்து ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். மாலையில் பிள்ளைகள் போக விளையாட்டு, இசை, கலை என்று இடம் ஏற்படுத்தி, ஏழைப் பிள்ளையும் சேரப் பணம் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளையே கேட்டுக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாலைப் பொழுதுதான் வியாபாரியின் சந்தை என்று கண்டுகொண்டு, அந்தச் சந்தையைக் கலைத்தார்கள். பனிநாட்டுக்கு முடிந்தது, ஓரி ஆண்ட மலைக்கு முடியாதா?

அரசைக் கேட்கிறோம்: ஆண்டுக்கு ஒருநாள் பேரணி போதாது. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியருக்குச் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள், பயிற்சி கொடுங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் போய்விட, இரவுப் பொழுதைத் தனியே கழிக்கும் பிள்ளைகளுக்கு, மனம்விட்டுப் பேச ஓர் ஆளைக் கொடுங்கள். அகப்பட்ட பிள்ளையைத் துரத்தும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள்.

தோழர்களைக் கேட்கிறோம்: அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நாம் எதற்கு? கிளைக்கு ஒரு கபடிக் களம், ஒரு படிப்பகம், மாலையில் ஒரு விளக்கு. திருவிழாவில் தெருக்கூத்து நடக்கும் இடத்தில் பிள்ளைகளே நடிக்கும் கால் மணி நேர நாடகம். பள்ளிக்கு 100 கஜத்துக்குள் பொட்டலம் தொங்கும் கடைக்காரரிடம் முதலில் அன்பாகச் சொல்லுங்கள். கேளாவிட்டால் புகார் கொடுங்கள், அவர் நம் கட்சிக்காரராக இருந்தாலும் கொடுங்கள். பீடிக்குப் பிள்ளையை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். விட முடியாமல் தவிக்கும் தோழர் இருந்தால் வெட்கப்படாதீர்கள்; மருத்துவரிடம் போங்கள். “நான் மாட்டிக் கொண்டேன், நீ மாட்டிக் கொள்ளாதே” என்று தகப்பன் சொல்லும் ஒரு வாக்கியம், நூறு சுவரொட்டிக்குச் சமம்.

மீண்டும் அந்த பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். மேகம் இன்னும் இறங்கியிருக்கிறது. பொட்டலம் நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. “என்னடா, பயமா?” என்ற கேள்வி காற்றில் நிற்கிறது. பையன் அண்ணன் முகத்தைப் பார்க்கிறான். வகுப்பில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த சொல் நாக்கில் வருகிறது.

“பயமில்லைண்ணே. வேண்டாம்.”

வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிகிறது. பையன் பையைச் சரிசெய்து கொண்டு ஏறிவிடுகிறான்.

அந்த ஒரு சொல்லை அவனுக்குக் கொடுக்கும் வேலை நம்முடையது. தொடங்குவோம்!